நெல்லுக்கு ஏன் 'பேடி' என்று பேர் வந்தது?

பயிர்க்கடன் விண்ணப்பம், காப்பீட்டு ரசீது, கொள்முதல் நிலையச் சீட்டு, உரக்கடை பில் என்று எதை எடுத்துப் பார்த்தாலும் பயிர் என்கிற கட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான் இருக்கும்: 'பேடி'. வங்கியில் 34 வருஷம் அந்தச் சொல்லை எழுதியும் படித்தும் கையெழுத்துப் போட்டும் காலம் தள்ளியவன் நான். ஓய்வுக்குப் பிறகு சுவாமிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மா நிலத்தில் அதே பேடியை இயற்கை முறையில் சாகுபடி செய்து வருகிறேன். ஊரில் இன்னமும் 'பேங்க் சார்'தான்.

நம்ம மாதாந்திரக் கூட்டங்களுக்கு வருகிற இளைஞர்கள் அடிக்கடி கேட்கிற கேள்விகள் மூன்று. "சார், பேடின்னா நெல்லா, வயலா?" "ரைஸ்னா அரிசியா, சோறா?" "பேடிங்கிறது நம்ம 'படி'யிலேர்ந்து போன சொல்லாமே, நிஜமா?" கடைசிக் கேள்வி கைப்பேசியில் சுற்றுகிற சேதியால் வருவது. மூன்றுக்கும் சேர்த்து விளக்கமாக எழுதும்படி ஆசிரியர் குழு கேட்டதால் இந்தக் கட்டுரை. சொல் ஆராய்ச்சி நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தச் சொல்லில் நம்ம வரவு செலவும் அடங்கியிருக்கிறது.

முதலில் ஒன்று. 'பேடி' என்று தமிழில் எழுதினால் அதற்கு வேறு பொருள் உண்டு. அது இங்கே பேச்சு இல்லை. ஆங்கிலத்தில் பி, ஏ, டி, டி, ஒய் என்று ஐந்து எழுத்தில் எழுதுகிற சொல்லைத்தான் சொல்கிறேன்.

நமக்கு மூன்று சொல், ஆங்கிலத்துக்கு ஒன்று

வயலில் நிற்பதும், உமியோடு மூட்டையில் இருப்பதும் நெல். உமி நீக்கியது அரிசி. வெந்து இலைக்கு வந்தது சோறு. இந்த மூன்றையும் குழப்பிப் பேசுகிற தமிழ்ப் பிள்ளை கிடையாது. "அரிசி அறுவடை ஆயிடுச்சா?" என்று யாராவது கேட்டால் அவர் பட்டணத்துக்காரர் என்று உடனே தெரிந்துவிடும்.

ஆங்கிலேயர் நாட்டில் நெல் விளைவதில்லை. அவர்களுக்குக் கப்பலில் வந்து இறங்கியது அரிசி. அதனால் 'ரைஸ்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு செடியையும், அரிசியையும், சோற்றையும் சமாளித்தார்கள். சாப்பாட்டு மேஜையில் அது போதும். நெல்லை வாங்கி, அளந்து, கிடங்கில் வைத்து, வரி போட ஆரம்பித்தால் போதாது. உமியோடு இருக்கிற நெல்லுக்கும் உமி நீங்கிய அரிசிக்கும் எடையும் வேறு, விலையும் வேறு, கெடாமல் இருக்கும் காலமும் வேறு. ஆசியாவுக்கு வியாபாரம் செய்ய வந்தவர்களுக்கு 'உமியோடு கூடிய நெல்' என்பதற்குத் தனியாக ஒரு சொல் தேவைப்பட்டது. கடன் வாங்கினார்கள்.

மலாய்க்காரர் கொடுத்த சொல்

கடன் கொடுத்தது மலாய் மொழி. அதில் 'பாடி' என்றால் நெல். நம்மைப் போலவே அவர்களுக்கும் மூன்று சொல் உண்டு: நெல்லுக்கு 'பாடி', அரிசிக்கு 'பெராஸ்', சோற்றுக்கு 'நாசி'. மலேசியா போய் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் நம்ம பக்கம் வீதிக்கு ஒருவர் இருப்பார்; நாசி லெமாக், நாசி கண்டார் எல்லாம் அவர்களுக்குப் பழகிய பேர்தான். சோறு விளையும் தேசத்தில் சோற்றுக்கு முந்தின நிலைகளுக்கும் தனித்தனிப் பேர் இருக்கும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

மலாய் மொழிக்கு அக்கா தங்கை முறையுள்ள மொழிகளிலும் இதே சொல் கொஞ்சம் உருமாறி இருக்கிறது. ஜாவாவில் 'பாரி', பிலிப்பைன்ஸில் 'பாலாய்'. அந்தக் கடல் நாடுகள் முழுதும் பரவிய பழைய உழவர் சொல் அது. மலேசியாவில் கெடா மாநிலத்துக்கு 'நெற்களஞ்சியம்' என்ற பொருளில் ஒரு பட்டப்பேரே உண்டு. அதிலும் 'பாடி' இருக்கிறது. அந்தக் கெடாதான் நம்ம சோழர் வரலாற்றில் வருகிற கடாரம். தஞ்சாவூரும் கடாரமும் இரண்டுமே நெற்களஞ்சியம் என்று பேர் வாங்கிய ஊர்கள் என்பதைப் படிக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம்.

இந்த மலாய்ச் சொல் காவிரிக்கரைக் கச்சேரிகளுக்கு எப்படி வந்தது? கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் கோட்டை கட்ட இடம் வாங்கியது 1639-இல். அதற்கு முன்பே ஜாவா தீவின் பான்டம் துறைமுகத்தில் மிளகு வாங்கக் கடை விரித்துவிட்டார்கள். கீழ்க்கடல் துறைமுகங்களில் வியாபாரத்துக்குப் பொதுமொழி மலாய். அங்கே பழகிய சொற்களை இங்கேயும் கொண்டுவந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கில எழுத்துகளில் இந்தச் சொல் பல எழுத்துக்கூட்டில் தென்படுகிறது. தஞ்சாவூர் 1799-இல் கம்பெனி நிர்வாகத்துக்குள் வந்தபோது அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் நெல்லுக்குப் பேர் ஏற்கெனவே தயாராக இருந்தது. 'நெல்' என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை.

எழுத்துக்கூட்டைப் பாருங்கள். மலாயில் பி, ஏ, டி, ஐ என்று நாலு எழுத்து. ஆங்கிலத்தில் 'டி' இரட்டித்து, கடைசி 'ஐ' போய் 'ஒய்' வந்தது. நடுவில் ஒற்றை எழுத்து இருந்தால் முன்னே உள்ள உயிரை ஆங்கிலேயர் நீட்டிப் படித்துவிடுவார்கள்; குறுகிப் படிக்க வேண்டுமென்றால் இரட்டிப்பார்கள். இதே மாதிரி மாறிய இன்னொரு மலாய்ச் சொல்லும் உண்டு. தேயிலை வைக்கிற டப்பாவுக்கு ஆங்கிலத்தில் 'கேடி' என்று பேர். அது 'காட்டி' என்ற மலாய் எடையளவிலிருந்து வந்தது. மலேசியாவில் இன்றைக்கும் ஆங்கிலத்தில் எழுதும்போதுகூட நெல்லைப் பழையபடி நாலு எழுத்தில் எழுதுவதைப் பார்க்கலாம்.

அயர்லாந்துக்காரரைக் கேலியாகக் கூப்பிடுகிற 'பேடி' வேறு. அது பேட்ரிக் என்ற பேரின் செல்லப் பேர். எழுத்து ஒன்று, வேர் வேறு.

வயலா, நெல்லா?

இந்தியாவிலும் இலங்கையிலும் பேடி என்றால் நெல். வயலைச் சொல்ல வேண்டுமானால் 'பேடி ஃபீல்டு' என்று இன்னொரு சொல் சேர்ப்போம். அமெரிக்காவில் பெரும்பாலும் பேடி என்றாலே நீர் நிற்கிற வயல். முழுச் சொல்லில் பின்பாதி உதிர்ந்து முன்பாதியே வயலுக்குப் பேராகிவிட்டது. அப்படியானால் நெல்லுக்கு அவர்கள் என்ன சொல்கிறார்கள்? 'ரஃப் ரைஸ்'. சிகாகோ சந்தையில் முன்பேர வர்த்தகம் நடப்பது இந்தப் பேரில்தான். உலகச் சந்தை விலை பார்க்கிற உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துப் பிள்ளைகள் இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். 'ரைஸ்' என்று இருப்பதால் அரிசி விலை என்று நினைத்துவிடக் கூடாது. அது உமியோடு இருக்கிற நெல்லின் விலை.

நம்ம வயலில் ஒற்றைக்காலில் நிற்கிற மடையானுக்கு, அதாவது குருட்டுக் கொக்குக்கு, ஆங்கிலத்தில் 'பேடி பேர்டு' என்று ஒரு பேர் உண்டு. வயலோடு சேர்ந்த பறவை என்பது அந்தப் பேரிலேயே இருக்கிறது. பூச்சிமருந்து அடிக்காத வயலில் அதைத் தேடிப் பார்க்க வேண்டியதில்லை.

தஞ்சாவூர் நீதிபதி சேர்ந்து எழுதிய அகராதி

இந்தச் சொல்லின் வரலாற்றை முதலில் விரிவாக எழுதிவைத்த புத்தகங்களில் ஒன்று 'ஹாப்சன்-ஜாப்சன்'. இந்தியாவில் வெள்ளைக்காரர் புழங்கிய கலப்புச் சொற்களுக்கான பெரிய அகராதி. 1886-இல் வெளிவந்தது. எழுதியவர்கள் இருவர்: ஹென்றி யூல், ஆர்தர் கோக் பர்னெல். இந்தப் பர்னெல் தஞ்சாவூரில் மாவட்ட நீதிபதியாக இருந்தவர். சரசுவதி மகால் நூலகத்துச் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்து 1880-இல் வெளியிட்டவரும் அவரே. அகராதி அச்சாகி வருவதற்குள் 1882-இல் காலமாகிவிட்டார். நம்ம ஜில்லாக் கோர்ட்டில் நெல் வழக்கு கேட்டவர் நெல்லுக்கான ஆங்கிலச் சொல்லையும் விசாரித்திருக்கிறார்.

அந்த அகராதி இந்தச் சொல்லுக்கு இரட்டை மூலம் இருக்கலாம் என்கிறது. ஒன்று மலாய் 'பாடி'. இன்னொன்று கன்னடத்தில் நெல்லைக் குறிக்கிற 'பத்த'. மேற்குக் கரையில் இருந்த பழைய எழுத்தாளர்கள் நெல்லை 'பாட்டி' என்று எழுதியிருக்கிறார்கள். அது கன்னடச் சொல்லிலிருந்து வந்தது. கிழக்கேயிருந்து ஒரு சொல்லும் மேற்கேயிருந்து ஒரு சொல்லும் கிட்டத்தட்ட ஒரே ஒலியோடு வந்து ஒன்றையொன்று பலப்படுத்தியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இன்றைய அகராதிகள் மலாயையே மூலமாகச் சொல்கின்றன.

நம்ம 'படி'யிலிருந்து போனதா?

அப்படியானால் கைப்பேசிச் சேதி? 'படி' நம்ம அளவை. ஒரு மரக்காலுக்கு எட்டுப் படி, பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். நெல்லைப் படியால் அளந்ததால் நெல்லுக்கே பேடி என்று பேர் வந்தது என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மலாய், ஜாவா, பிலிப்பைன்ஸ் என்று மூன்று இடத்திலும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொல் நெல்லுக்கு வழங்கும்போது, அளவைப் பேரிலிருந்து அது கிளம்பியது என்று சொல்ல முடியாது. ஒலி ஒத்துப்போவது ஒரு தடயம்தான். சொல் எந்த வழியாக வந்தது, இடையில் எந்த உருவத்தில் இருந்தது என்பதையும் பார்த்தால்தான் தீர்ப்புச் சொல்லலாம். கையெழுத்து ஒன்று போல இருக்கிறது என்பதற்காக யாரும் காசோலைக்குப் பணம் கொடுத்துவிட மாட்டார்கள்.

ஆனாலும் 'படி'யை விட்டுவிட மனசில்லை. அதற்குள் வேறொரு நெல் கதை இருக்கிறது. அரசு ஊழியர் வாங்குகிற பயணப்படி, அகவிலைப்படி என்பதில் வருகிற 'படி' எது? வேலை செய்தவருக்கு அன்றாடச் சாப்பாட்டுக்குப் படி அளந்ததுதான் சம்பளத்துக்கு மேலான தொகைக்குப் பேராகி நிலைத்தது. லாரி ஓட்டுநர் கேட்கிற 'பேட்டா'வும் அப்படித்தான். அதற்கு மூலம் நான் மேலே சொன்ன கன்னட 'பத்த', அதாவது நெல், என்று ஒரு கருத்து உண்டு. மாதாமாதம் ஓய்வூதியத்தோடு எனக்கு அகவிலைப்படி வருகிறது. ஒருகாலத்தில் அது நெல்லாக வந்திருக்கும்.

எல்லாச் சொல்லும் அங்கிருந்து இங்கே வந்ததல்ல. நெல் அடுக்குகிற 'குடோன்' இருக்கிறதே, அது ஆங்கிலத்துக்கு மலாய் 'குடாங்' வழியாகப் போனது. அந்த மலாய்ச் சொல்லுக்கு மூலம் தெலுங்கு 'கிட்டங்கி', தமிழ் 'கிடங்கு' என்று அதே அகராதி சொல்கிறது. ஆக, நம்ம கிடங்கு கடல் தாண்டிப் போய் குடோனாகத் திரும்பி வந்தது. அதில் அடுக்க மலாய்க்காரரின் நெல் பேர் வந்தது. கஞ்சி ஆங்கிலத்தில் 'காஞ்ஜி' ஆனது, கறி 'கரி' ஆனது. கல்லணையைப் பார்த்து அணைக்கட்டு 'அனிகட்' ஆனது. இத்தனையும் எடுத்துக்கொண்டவர்கள் நெல்லை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் மலாய்ச் சொல் முந்திக்கொண்டது.

அரிசியிலிருந்து ரைஸ்

இது பெரிய சபை ஏறிய வழக்கு. ஆங்கில 'ரைஸ்' பிரெஞ்சிலிருந்து வந்தது, பிரெஞ்சுக்கு இத்தாலியின் 'ரீசோ', அதற்கு லத்தீன், லத்தீனுக்குக் கிரேக்க 'ஒரிசா'. இதுவரை தகராறு இல்லை. லின்னேயஸ் 1753-இல் நெல்லுக்கு வைத்த அறிவியல் பேர் 'ஒரைசா சட்டைவா' என்பதிலும் அந்தக் கிரேக்கச் சொல்தான் இருக்கிறது. ஸ்பானிய 'அரோஸ்' அரபு வழியாகப் போனது.

கிரேக்கருக்கு யார் கொடுத்தது என்பதில்தான் இரண்டு கட்சி. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், தமிழ் 'அரிசி'தான் அந்தக் கிரேக்கச் சொல் என்றார். தமிழகத் துறைமுகங்களுக்கு மேற்கத்தியக் கப்பல் வந்துபோனது உண்மை என்பதால் இது நெடுங்காலம் நின்றது. ஆனால் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டரின் படையெடுப்பை ஒட்டியே கிரேக்கருக்கு நெல் தெரிந்துவிட்டது. அது பாரசீகம் வழியான தரை மார்க்கம். பழைய ஈரானிய மொழிகளிலும் இதை ஒத்த சொற்கள் இருக்கின்றன. இன்றைய பாரசீகத்தில் அரிசிக்கு 'பெரெஞ்ச்'. சமஸ்கிருதத்தில் 'வ்ரீஹி'. அதனால் இன்றைய அறிஞர் பலர் கிரேக்கருக்கு ஈரான் வழியாகச் சொல் போனது என்கிறார்கள். அந்த ஈரானியச் சொல்லுக்கும் 'வ்ரீஹி'க்கும் பின்னால், நம்ம 'அரிசி'க்கும் தெலுங்கில் நெல்லைக் குறிக்கும் 'வரி'க்கும் மூலமான ஒரு பழந்திராவிடச் சொல் இருக்கலாம் என்று எழுதியவர்களும் உண்டு. ஆக, நேர்வழியில் போயிருக்காவிட்டாலும் சுற்றுவழியில் உறவு இருக்க இடமுண்டு. "ரைஸ் தமிழ்ச் சொல், முடிந்தது" என்று அடித்துச் சொல்ல வேண்டாம். "உறவு இருக்கலாம்" என்று சொன்னால் நாலு பேர் மதிப்பார்கள்.

நமக்குப் பெருமைக்குப் பஞ்சமில்லை. பழநிக்கு அருகே பொருந்தலில் ஈமச்சின்னத்தில் ஒரு சாடி நிறைய நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 என்று கணித்தார்கள். தாமிரபரணிக்கரைச் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று ஆய்வு முடிவு வந்ததை 2021-இல் அரசு அறிவித்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராசராசன் காலத்து நெல் 'ஆடவல்லான்' என்ற மரக்காலால் அளக்கப்பட்டிருக்கிறது. இறைவன் பேரையே அளவைக்கு வைத்தவர்கள் நம்ம ஆட்கள்.

ஒரு சொல் மாறினால் கணக்கே மாறும்

இனி நம்ம பைக்கு வருவோம்.

அரசு கொள்முதல் செய்கிற நெல்லை அரவை ஆலைக்குக் கொடுத்து அரிசியாகத் திரும்ப வாங்கும்போது ஒரு விகிதம் உண்டு. 100 கிலோ நெல்லுக்குப் பச்சரிசி என்றால் 67 கிலோ, புழுங்கல் என்றால் 68 கிலோ. அதாவது நெல்லில் மூன்றில் இரண்டு பங்குதான் அரிசி. உமி மட்டுமே ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மிச்சம் தவிடு, நொய்.

நம்ம நாட்டு வேளாண் அமைச்சகம் நெல் உற்பத்தியை 'ரைஸ்' என்று, அரிசிக் கணக்கில் வெளியிடுகிறது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு உலக நாடுகளை ஒப்பிடும்போது பேடி என்று, நெல் கணக்கில் போடுகிறது. ஒருவர் ஹெக்டேருக்கு 4 டன் என்கிறார், இன்னொருவர் 6 டன் என்கிறார். இரண்டும் ஒரே விளைச்சலாக இருக்கலாம். இது தெரியாமல், "வெளிநாட்டில் இவ்வளவு, நம்ம ஆளுக்கு விவசாயம் தெரியலை" என்று மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பேசிவிட்டுக் கூடவே ஒரு ரசாயன மூட்டையையும் விற்பார்கள். அடுத்த முறை கேளுங்கள்: "ஐயா, நீங்க சொல்ற கணக்கு நெல்லா, அரிசியா?"

நம்ம இயக்கத்துக்காரர்களும் கவனமாக இருக்க வேண்டும். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையாக 30 மூட்டை விளைந்தால் நெல் 1,800 கிலோ. அரிசி சுமார் 1,200 கிலோ. பாரம்பரிய நெல் விளைச்சலைப் பற்றி யாரிடம் பேசினாலும் இரண்டில் எது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். மூட்டை என்றால் எத்தனை கிலோ என்பதையும் சொல்லுங்கள். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு 40 கிலோ.

விலையும் அப்படியே. 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை பொது ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். இதை 67 கிலோ அரிசிக்கு வகுத்தால் கிலோ 35 ரூபாய் சொச்சம். அரவைக் கூலி, வண்டி வாடகை, சாக்கு, நம்ம உழைப்பு எதையும் சேர்க்காத விலை இது. தவிடு, நொய் விற்ற காசும் இதில் கழிக்கவில்லை. அரிசியாக விற்கிற நண்பர்கள் விலை வைக்க உட்காரும்போது இந்த எண்ணிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். "நெல்லு கிலோ 24 ரூபாதானே, நீங்க அரிசிக்கு இவ்வளவு கேக்குறீங்களே" என்று வாங்க வருகிறவர் கேட்டால், கோபப்படாமல் ஒரு தாளில் இந்த வகுத்தலைப் போட்டுக் காட்டுங்கள்.

ஒரு சொல்லுக்குள் எத்தனை பேர்

எனக்கு இந்தச் சொல்லின் மேல் இருக்கிற பெரிய வருத்தம் இதுதான். 'பேடி' என்று எழுதியதும் மற்ற பேரெல்லாம் மறைந்துபோகின்றன.

நெல்லின் பேரைக் கேட்டாலே பாதி விவரம் தெரியும்படி வைத்தார்கள் நம்ம முன்னோர். பேர் 'சம்பா' என்று முடிந்தால் நெடுநாள் பயிர். 'குறுவை' என்றால் குறுகிய காலம். அறுபதாங் குறுவைக்கு நாளும் பேரிலேயே. சீரகச் சம்பா என்றால் மணி சிறியது, வாசனை உண்டு. தூயமல்லி என்றால் மல்லி மொட்டு மாதிரி வெள்ளை. கருப்புக் கவுனிக்கு நிறம் பேரில். காட்டுயானம் யானையை மறைக்கிற உயரம். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு விளக்கமே வேண்டாம்.

ஆராய்ச்சி நிலையத்து ரகங்களிலும் ஆரம்பத்தில் ஊர் இருந்தது. ஏ.டி.டி. என்றால் கும்பகோணத்துக்குப் பக்கத்து ஆடுதுறை. சி.ஆர்.1009-இல் இருக்கிற சி.ஆர். கட்டாக். டி.கே.எம். திரூர்குப்பம். ஐ.ஆர். என்றால் பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம். 'பொன்னி' என்று காவிரித்தாயின் பேரையே வைத்த ரகத்தின் பூர்வீகத்தைத் தேடினால், தாய்ச்சுங் 65 என்ற தைவான் ரகத்தையும் மயாங் ஈபோஸ் 80 என்ற மலாய் ரகத்தையும் இணைத்ததில் பிறந்தது. சொல் மட்டுமல்ல, நெல்லும் அங்கேயிருந்து வந்திருக்கிறது. அதில் நமக்கு வருத்தமில்லை. விதையும் சொல்லும் ஊர் விட்டு ஊர் போவது இயற்கை. வந்தது, இருந்ததை அழித்துவிடக் கூடாது என்பதுதான் பேச்சு.

காகிதத்தில் அது அழிகிறது. ஆதரவு விலைப் பட்டியலில் பேடி இரண்டே வகை: பொது ரகம், சன்ன ரகம். பிரிப்பதற்கு மணியின் நீளத்தையும் அகலத்தையும்தான் பார்ப்பார்கள். மணம், நிறம், எத்தனை நாள் பயிர், தண்ணீர் எவ்வளவு தாங்கும், உப்பு மண்ணில் வருமா என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை. பயிர்க் காப்பீட்டில் நெல் 1, நெல் 2, நெல் 3 என்று பருவம் மட்டும். கடன் பதிவிலும் பேடிதான். பத்து வருஷம் கழித்து ஒருவர், "இந்தக் கிராமத்தில் கருங்குறுவை எத்தனை ஏக்கர் இருந்தது?" என்று பதிவேட்டைத் திறந்தால் ஒன்றும் கிடைக்காது. பதிவில் இல்லாததை இல்லவே இல்லை என்று சொல்லிவிடுவது அலுவலக வழக்கம்.

பேர் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பாஸ்மதி வழக்கு பாடம். 1997-இல் அமெரிக்காவின் ரைஸ்டெக் நிறுவனம் பாஸ்மதி நெல் வழிகளுக்கும் மணிகளுக்கும் அங்கே காப்புரிமை வாங்கியது. இந்தியா எதிர்த்து ஆதாரங்களைக் கொடுத்த பிறகு 2001-இல் பெரும்பாலான உரிமைக்கோரல்கள் நீங்கின. தலைப்பிலிருந்து பாஸ்மதி என்ற சொல்லும் போனது. அந்தப் பேரில், அந்த மண்ணில், அந்த நெல் வெகுகாலமாக இருந்தது என்பதற்கு எழுத்து மூலமான ஆதாரங்கள் இருந்ததால்தான் வாதாட முடிந்தது. நம்ம குழியடிச்சானுக்கும் பூங்காருக்கும் நாளைக்கு அப்படி ஒரு வழக்கு வந்தால் எதைக் காட்டுவோம்?

செய்ய வேண்டியவை

செலவில்லாத காரியங்கள்தான்.

ஒன்று. எந்த விண்ணப்பத்திலும், அடங்கலுக்கு விவரம் கொடுக்கும்போதும், ரகம் என்ற கட்டம் இருந்தால் காலியாக விடாதீர்கள். இல்லாவிட்டாலும் பேடி என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ரகத்தின் பேரை எழுதிக் கொடுங்கள். நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

இரண்டு. பேரைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தால் உங்கள் குழுவில் எல்லாரும் ஒரே எழுத்துக்கூட்டை வைத்துக்கொள்ளுங்கள். கிச்சிலிச் சம்பாவை ஆளுக்கொரு விதமாக எழுதினால் கணினி அதை மூன்று ரகமாகக் காட்டும். அல்லது மூன்றையும் தள்ளிவிடும்.

மூன்று. 2001-ஆம் ஆண்டுத் தாவர ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தில் உழவர் ரகங்களைப் பதிவு செய்யலாம். உழவருக்குக் கட்டணம் கிடையாது. அங்கே பதிவாகிற பேர்தான் சட்டத்துக்குத் தெரிந்த பேர். குழுவாகச் சேர்ந்து செய்யுங்கள்.

நான்கு. அரிசிப் பையில் 'பாரம்பரிய அரிசி' என்று மட்டும் போடாதீர்கள். அது 'பேடி'க்குத் தம்பி. ரகம், ஊர், அறுவடைப் பருவம் மூன்றையும் போடுங்கள்.

ஐந்து. பேரப்பிள்ளைகளைக் களத்துமேட்டுக்குக் கூட்டிப்போய் நெல், அரிசி, சோறு மூன்றையும் கையில் கொடுத்துப் பேர் சொல்லுங்கள். பள்ளியில் மூன்றுக்கும் 'ரைஸ்' என்றுதான் படிக்கிறார்கள்.

திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டுக் கையில் விதையாகக் கொடுத்துவிட்டுப் போன ஜெயராமனுக்கு நம்மாழ்வார் ஐயா வழி வந்த இந்த இயக்கம் சேர்த்த அடைமொழி 'நெல்'. அவர் ஊர் ஊராகப் போய்க் கேட்டது பேடி இருக்கிறதா என்றல்ல. ஒவ்வொரு ரகத்தையும் பேர் சொல்லித்தான் கேட்டார். பேர் தெரிந்திருந்ததால்தான் தேட முடிந்தது. இந்தச் சம்பாப் பட்டத்துக்கு உங்கள் வயலில் என்ன விதைக்கிறீர்கள் என்பதை, இந்த இதழின் ஓரத்திலாவது, அதன் பேரைச் சொல்லி எழுதி வையுங்கள்.